போர் காணாத கர்னல்

"அண்ணே, இந்தக் கர்னல் எந்தப் போர்ல சண்டை போட்டாரு?"

ஈசூனில் சித்தி வீட்டுப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசையருகே உட்கார்ந்து, கைப்பேசியில் கிரிக்கெட் செய்தி பார்த்துக்கொண்டிருந்த சித்தி மகன் திடீரென்று இப்படிக் கேட்டான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது, இந்தியாவில் 23 வயதுக்குட்பட்டோர் ஆடும் 'கர்னல் சி.கே. நாயுடு கோப்பை' ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கை. எனக்கு வயது 22. அந்தக் கோப்பைக்கு ஆட எனக்கு வயது தடையில்லை. மட்டையை நேராகப் பிடிக்கத் தெரியாததுதான் தடை. ஆகவே தம்பிக்கு என்னால் செய்ய முடிந்தது, அந்தக் கேள்விக்கு விடை தேடுவது மட்டுமே.

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பதினெட்டு வயது. தொடக்கக் கல்லூரி அணியில் முதலில் இறங்கி ஆடுபவன். தேசிய சேவைக்கான அழைப்புக் கடிதம் அந்த வாரம்தான் வந்திருந்தது. "ரெண்டு வருஷம் போனா பையனுக்குக் கையே மறந்துடும்" என்று சித்தி கவலைப்பட்டார். "நானும் போயிட்டுத்தான் வந்தேன். எதுவும் மறக்கல, முட்டிதான் வலிச்சுது" என்றார் சித்தப்பா. ராணுவப் பதவியும் கிரிக்கெட்டும் ஒரே மனிதரின் பெயரில் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் தம்பிக்கு ஆவல் வந்துவிட்டது. இவர் எப்படிச் சமாளித்தார்?

தேடிப் படித்தேன். கிடைத்த விடை அவன் எதிர்பார்த்ததும் அல்ல, நான் எதிர்பார்த்ததும் அல்ல.

நாக்பூரிலிருந்து இந்தூருக்கு

கோட்டாரி கனகய்ய நாயுடு 1895 அக்டோபர் 31-ஆம் நாள் நாக்பூரில் பிறந்தார். தெலுங்குக் குடும்பம், தந்தை வழக்கறிஞர். 1916-ல் பம்பாயில் நடந்த நாற்கோணப் போட்டியில் இந்துக்கள் அணிக்காக, ஐரோப்பியர் அணியை எதிர்த்து முதல்தர ஆட்டத்தில் அடியெடுத்து வைத்தார். இன்றைய நமக்கு இது விநோதமாகத் தோன்றலாம். அந்நாளில் பம்பாயில் அணிகள் மதத்தின் பெயராலும் இனத்தின் பெயராலும்தான் அமைந்தன: ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள். அந்த முதல் ஆட்டத்தில் அவர் எடுத்த முதல் ஓட்டங்களே ஒரு சிக்சர் என்று கிரிக்கெட் எழுத்தாளர்கள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள்.

ஆனால் சிக்சர் அடித்தால் வயிறு நிறையுமா? அந்தக் காலத்து இந்தியாவில் கிரிக்கெட் ஆடிப் பிழைக்க வழி குறைவு. இங்கிலாந்தில் கவுண்டி அணிகள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தன. இந்தியாவில் அப்படிப்பட்ட அமைப்பு இல்லை. அங்கே ஆட்டக்காரர்களைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் மன்னர்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் இந்தியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. பெரிய சமஸ்தானங்கள் தமக்கென்று படை வைத்துக்கொண்டன. அந்தப் படைக்கு அதிகாரிகளை நியமிக்கும் உரிமை மன்னருக்கு உண்டு. கிரிக்கெட் மோகம் கொண்ட மன்னர் ஒருவர் நல்ல ஆட்டக்காரரைத் தம்மிடம் வைத்துக்கொள்ள விரும்பினால் எளிய வழி ஒன்று இருந்தது. படையில் ஒரு பதவி கொடுத்துவிடலாம். சம்பளம், வீடு, மதிப்பு எல்லாம் அந்தப் பதவியோடு வந்துவிடும். ஆட்டக்காரர் 'கூலிக்கு ஆடுபவர்' என்ற பெயரும் வராது.

1923-ல் இந்தூரை ஆண்ட ஹோல்கர் மன்னர் நாயுடுவை அழைத்துத் தம் படையில் கேப்டனாக்கினார். ஹோல்கர் படையில் படிப்படியாக உயர்ந்து அவர் கர்னல் ஆனார். அவருக்குப் பின்னால் வந்த புகழ்பெற்ற மட்டையாளர் முஷ்டாக் அலியும் அதே படையில் கேப்டன்தான். ஹோல்கர் படையின் அதிகாரிகள் பட்டியலை எடுத்து ஒரு கிரிக்கெட் அணியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் போலிருக்கிறது!

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தா நினைவுக்கு வந்தார். பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் காற்பந்து அணியில் கோல் காவலர். அடுத்த தோட்டத்தோடு ஆட்டம் என்றால், அன்று கிராணி அவருக்கு அரைநாள் வேலைதான் போடுவார். பெயருக்கு முழுநாள் எழுதிக்கொள்வார். "பந்து பிடிக்கிற கைக்குக் கம்பெனி குடுத்த சம்பளம்டா அது" என்று தாத்தா சிரிப்பார். இந்தூரில் மன்னர் பெரிய அளவில் செய்ததைத்தான் எங்கள் தோட்டத்துக் கிராணி சிறிய அளவில் செய்தார்.

சமஸ்தானப் படைகள் எல்லாமே அலங்காரப் படைகள் என்று நினைத்துவிடக் கூடாது. 1941-42-ல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியரை எதிர்த்து நின்ற படைகளில் மைசூர், ஹைதராபாத், ஜிந்த் சமஸ்தானங்களின் காலாட்படைகளும் இருந்தன. ஈசூனிலிருந்து அதே சிவப்பு ரயில் பாதையில் சில நிலையங்கள் தள்ளி இருக்கும் கிராஞ்சி போர் நினைவகத்தின் சுவர்களில் இந்திய வீரர்களின் பெயர்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சீருடை ஒன்றுதான். சிலருக்கு அது வாழ்வு கொடுத்தது, சிலரிடம் வாழ்வைக் கேட்டது.

153 ஓட்டங்கள்

மன்னர் செய்த முதலீடு வீண் போகவில்லை. 1926-ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம்.சி.சி. அணி இந்தியா வந்தது. டிசம்பர் 1-ஆம் நாள் பம்பாய் ஜிம்கானா திடலில் இந்துக்கள் அணிக்காக ஆடிய நாயுடு 116 நிமிடங்களில் 153 ஓட்டங்கள் எடுத்தார். அதில் 11 சிக்சர்கள், 13 பவுண்டரிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 153-ல் 118 ஓட்டங்கள், ஓடாமலே எடுத்தவை. ஓர் ஆட்டக்காரர் முதல்தர ஆட்டத்தின் ஒரே இன்னிங்சில் 11 சிக்சர் அடிப்பது அன்று உலகச் சாதனை. அதைப் பாராட்டி எம்.சி.சி. அவருக்கு வெள்ளி மட்டை ஒன்றைப் பரிசளித்தது.

அந்த ஆட்டத்துக்குக் கிரிக்கெட்டைத் தாண்டியும் ஒரு பொருள் உண்டு. இந்தியர்களுக்குச் சரிசமமாக ஆடத் தெரியும் என்று கில்லிகன் அணியினர் கண்ணால் கண்டார்கள். 1928-ல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் உருவானது. 1932-ல் இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டத்துக்காக இங்கிலாந்துக்குப் புறப்பட்டது.

லார்ட்சில் ஒரு கோலாலம்பூர்க்காரர்

அந்த 1932 அணிக்குத் தலைவர் யார் தெரியுமா? நாயுடு அல்லர். போர்பந்தர் மகாராஜா! துணைத்தலைவர், லிம்டி சமஸ்தானத்து அரச குடும்பத்தவர். தலைமை என்றால் அரச ரத்தம் வேண்டும் என்பது அன்றைய எழுதாத விதி. ஆனால் போர்பந்தர் மகாராஜா தம் ஆட்டத்திறனின் எல்லையை நன்கு அறிந்தவர், பெருந்தன்மையோடு ஒதுங்கிக்கொண்டார். துணைத்தலைவருக்குக் காயம். ஆகவே 1932 ஜூன் 25-ஆம் நாள் லார்ட்ஸ் திடலில் இந்தியாவின் முதல் டெஸ்ட் அணியை நடத்திச் சென்றவர் நாயுடு.

மலேசியாவிலிருந்து வந்து இங்கே படிக்கும் எனக்கு அந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்தது வேறொருவர். அவர் லால் சிங். 1909-ல் கோலாலம்பூரில் பிறந்த சீக்கியர். அன்று காலை முகமது நிசாரின் வேகத்தில் இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் இருவரும் போல்டு ஆனார்கள். பெரும்புகழ் பெற்ற ஃபிராங்க் வூலியை லால் சிங் பாய்ந்து பந்தெடுத்து ரன் அவுட் ஆக்கினார். இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 19! இந்தியக் கிரிக்கெட்டின் முதல் நாள், முதல் காலை நேரத்தில் எங்கள் கோலாலம்பூர்க்காரர் ஒருவரின் கை இருந்தது என்பதைத் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு வரலாறு படித்த எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆட்டத்தில் இங்கிலாந்து 158 ஓட்டங்களில் வென்றது. கையில் அடிபட்டிருந்தும் நாயுடு முதல் இன்னிங்சில் 40 ஓட்டங்கள் எடுத்தார். அணியில் அதுவே அதிகம். அந்தச் சுற்றுப்பயணத்தில் முதல்தர ஆட்டங்களில் அவர் 1,618 ஓட்டங்கள் குவித்தார், 65 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அடுத்த ஆண்டு 'விஸ்டன்' ஆண்டேடு அவரை ஆண்டின் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

சேப்பாக்கத்தில் இருவர்

தம்பியின் கேள்விக்கு நேரான விடை எனக்குக் கிடைத்தது சென்னையில்தான்.

1933-34-ல் டக்ளஸ் ஜார்டீன் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியா வந்து மூன்று டெஸ்டுகள் ஆடியது. இந்திய அணிக்கு மறுபடியும் நாயுடு தலைவர். மூன்றாவது டெஸ்ட் 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னை மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் அது. இந்தியா 202 ஓட்டங்களில் தோற்றது. தோல்விக்கு முக்கியக் காரணம் ஹெட்லி வெரிட்டி என்ற இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். முதல் இன்னிங்சில் 49 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட், இரண்டாவதில் மேலும் 4 விக்கெட்.

வெரிட்டி யார்க்‌ஷயர் அணியின் தொழில்முறை ஆட்டக்காரர். சேப்பாக்கத்தில் ஆடியபோது அவருக்கு ராணுவப் பதவி எதுவும் இல்லை. 1939 செப்டம்பர் 1-ஆம் நாள், தம் கடைசிக் கவுண்டி ஆட்டத்தில் 9 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். இரண்டு நாள்களில் பிரிட்டன் போர் அறிவித்தது. வெரிட்டி 'கிரீன் ஹோவர்ட்ஸ்' படைப்பிரிவில் சேர்ந்து கேப்டன் ஆனார். 1943 ஜூலையில் சிசிலியில் தம் வீரர்களை முன்நடத்திச் செல்லும்போது குண்டடி பட்டுச் சிறைப்பட்டார். ஜூலை 31-ஆம் நாள் இத்தாலியின் கசெர்ட்டாவில் இறந்தார். வயது 38.

ஒரே திடலில் ஆடிய இருவர். நாயுடுவுக்குக் கிரிக்கெட்டால் ராணுவப் பதவி வந்தது. வெரிட்டிக்கு ராணுவத்தால் கிரிக்கெட்டும் போயிற்று, உயிரும் போயிற்று. வெரிட்டி போர்முனையில் இருந்த அதே உலகப் போர்க் காலத்தில் நாயுடு இந்தியாவில் ஆடிக்கொண்டிருந்தார். 1945-ல் ஹோல்கர் அணி ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பம்பாயைச் சந்தித்தபோது, இந்தூருக்கு அருகிலுள்ள மோவ் பாசறையில் பிரிட்டிஷ் ராணுவப் பணியிலிருந்த டெனிஸ் காம்ப்டன், நாயுடுவின் அணியில் இறங்கி ஆட்டமிழக்காமல் 249 ஓட்டங்கள் எடுத்தார். உண்மையான போர்ப்படை வீரர் ஒருவர், சமஸ்தானத்துக் கர்னலின் கீழ் ஆடினார்!

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப அவரு நெஜ கர்னல் இல்லியா?" என்றான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மேலும் படித்த பிறகு அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

கொடுத்த கையும் பறித்த கையும்

மன்னர்கள் கொடுத்ததை மட்டும் பார்த்தால் கதை பாதிதான். 1936-ல் மீண்டும் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் வந்தது. இம்முறை அணித்தலைவர், விஜயநகரத்து மகாராஜ்குமார். 'விஸி' என்று அழைக்கப்பட்ட அவருக்குச் செல்வமும் செல்வாக்கும் நிறைய இருந்தன. ஆட்டம்தான் இல்லை, மூன்று டெஸ்டுகளில் அவர் எடுத்தது மொத்தம் 33 ஓட்டங்கள். இரு டெஸ்ட் தொடர்களில் அணியை நடத்திய நாயுடு அவருக்குக் கீழ் சாதாரண ஆட்டக்காரராக ஆடினார். அணிக்குள் பிளவு, நாயுடுவுக்கு எதிராக ஆட்டக்காரர்கள் தூண்டிவிடப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றும் பேசப்படுகிறது.

நாயுடு அதற்குச் சொன்ன பதில், ஓவல் திடலில் எடுத்த 81 ஓட்டங்கள். அவருடைய கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ் அது. டெஸ்டில் அவருடைய அதிகபட்சமும் அதுவே. அப்போது அவருக்கு வயது 40. 7 டெஸ்டுகள், 350 ஓட்டங்கள். இந்தியாவின் முதல் டெஸ்ட் தலைவரின் டெஸ்ட் கணக்கு இவ்வளவுதான்.

நண்பர்களே, இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. பிறருடைய பணத்தில் நிற்பவனுக்கு வாய்ப்பும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. ஒரு மன்னர் பதவி கொடுத்ததால் நாயுடு ஆட முடிந்தது. இன்னோர் அரச குடும்பத்தவர் வந்ததும் அவருடைய தலைமை போயிற்று. தகுதி இரண்டு நாளிலும் ஒன்றுதான்.

அவர் தமக்குக் கிடைத்ததற்கு என்ன திருப்பிக் கொடுத்தார்? டெஸ்ட் வாழ்க்கை முடிந்த பிறகுதான் அதன் பெரும்பகுதி நடந்தது. ஒரு சிறு சமஸ்தானத்தின் அணியை, பம்பாயே அஞ்சும் அணியாக வளர்த்தார். அவர் தலைமையில் ஹோல்கர் 1945-46, 1947-48, 1950-51, 1952-53 ஆகிய நான்கு பருவங்களில் ரஞ்சிக் கோப்பையை வென்றது. நான்காவது வெற்றியின்போது அவருக்கு வயது 57. ஆட்ட ஒழுங்கிலும் உடற்பயிற்சியிலும் அவர் கண்டிப்பானவர் என்று பெயர். போர்முனை காணாவிட்டாலும், கர்னல் என்ற சொல்லுக்குரிய கண்டிப்பைத் திடலில் காட்டியவர் அவர்.

1948-ல் இந்தூர் சமஸ்தானம் மத்திய பாரதத்தில் இணைந்தது. மன்னராட்சி முடிந்தது. காலப்போக்கில் ஹோல்கர் படையும் இல்லாமல் போயிற்று. ஹோல்கர் அணியும் 1950-களின் நடுவில் மறைந்தது. பதவி கொடுத்தவரும் இல்லை, படையும் இல்லை. நாயுடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தார். 1956-ல் பத்மபூஷண் விருது பெற்றார். அவ்விருது பெற்ற முதல் கிரிக்கெட்காரர் அவர். 1956-57-ல் தம் 61-ஆம் வயதில் உத்தரப் பிரதேச அணியின் தலைவராக ரஞ்சிக் கோப்பையில் ஆடி, கடைசி இன்னிங்சில் 52 ஓட்டங்கள் எடுத்தார். 1967 நவம்பர் 14-ஆம் நாள் இந்தூரில் மறைந்தார். கொடுத்த படை மறைந்தும் அந்தப் பட்டம் மட்டும் கோப்பையின் பெயரில் இன்றும் நிற்கிறது.

ஈசூனுக்குத் திரும்பினால்

தம்பியின் நிலைமை நாயுடுவின் நிலைமைக்கு நேர்மாறானது. அங்கே சீருடை ஆட்டத்துக்கு நேரம் கொடுத்தது. இங்கே சீருடை ஆட்டக்காரனின் நேரத்தைக் கேட்கிறது. 1967 முதல் சிங்கப்பூரில் தேசிய சேவை எல்லாக் குடும்பங்களுக்கும் பொது. விளையாட்டுக்காக ஒத்திவைப்பு கிடைப்பது மிக அரிது. 2013-ல் நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங்குக்கு அது கிடைத்தது. 2016-ல் அவர் சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். கல்லூரி அணியில் ஆடும் என் தம்பிக்கு அப்படி யாரும் கொடுக்கப்போவதில்லை. அவனும் கேட்கவில்லை.

அவனுக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் யோசித்தேன். நான் மலேசியன்; இந்த நாட்டின் சீருடையை அணிய வேண்டியதில்லை. என் வயதுச் சிங்கப்பூர் நண்பர்கள் படைப்பயிற்சியில் கழித்த இரண்டு ஆண்டுகளில் நான் இரண்டு ஆண்டுப் பாடங்களை முடித்துவிட்டேன். ஆனால் என்னையும் ஒருவர் தாங்குகிறார். என் கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதியை இந்த அரசாங்கத்தின் மானியம் கட்டுகிறது. அதற்கு ஈடாகப் படிப்பு முடிந்ததும் மூன்று ஆண்டுகள் இங்கே வேலை செய்வதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ஒப்பந்தத்தை இதுநாள் வரை ஒரு சுமையாகவே எண்ணி வந்தேன். 'எப்போது முடியும், எப்போது அம்மாவிடம் திரும்புவேன்' என்ற கணக்குத்தான் மனத்தில் ஓடும். நாயுடு 1923-ல் இந்தூருக்குப் போனபோது அவரும் நாக்பூரை விட்டுத்தான் போனார். பிறகு சாகும்வரை இந்தூர்க்காரராகவே இருந்தார்.

நான் சாகும்வரை ஈசூன்காரனாக இருப்பேனா, தெரியாது. ஆனால் வாங்கியதற்குக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது ஒன்று, வாங்கியதைக் கொண்டு இருக்கும் இடத்தில் ஏதாவது கட்டி எழுப்புவது இன்னொன்று. கர்னல் நாயுடு இரண்டாவதைச் செய்தார்.

தம்பி சென்ற மாதம் தெக்கோங் தீவுக்குப் போய்விட்டான். போவதற்கு முன்னிரவு, தேக்காவில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும்போது ரயிலில் கேட்டான்: "அந்தக் கர்னல் அறுபத்தொரு வயசு வரைக்கும் ஆடினாருன்னு சொன்னீங்களே, நெஜமாவா?"

"நெஜம்தான்."

விரல் விட்டு எண்ணினான். "அப்ப ரெண்டு வருஷம் போனாலும் எனக்கு இன்னும் நாப்பத்தொரு வருஷம் இருக்குண்ணே."

சித்தி அப்போதுதான் சிரித்தார்.